வானிலை ரேடாரும் நமது பாவடியும்

சென்ற ஐப்பசியில் சேலம் பக்கத்துக் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கமொன்றின் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தோம். நூல் இருப்புப் பதிவேட்டைப் புரட்டி வருகையில், "கழிவு" என்ற தலைப்பின் கீழ் வழக்கத்துக்கு மிஞ்சிய அளவு எழுதப்பட்டிருப்பது கண்ணிற் பட்டது. காரியதரிசியை வினவினோம். அவர் விடை கூறுமுன், அருகில் அமர்ந்திருந்த நிர்வாகக் குழு அங்கத்தினரான முதிய நெசவாளர் ஒருவர் குறுக்கிட்டார்.

"அது மழையிலே போன பாவுங்க, ஐயா. விடியக்காலம் பாவடியிலே விரிச்சுக் கஞ்சி போட்டோம். அரை மணியிலே கொட்டித் தீர்த்திடுச்சு."

முன்னறிவிப்பு ஒன்றும் வரவில்லையா என்று கேட்டோம்.

"வந்துச்சுங்க. மாவட்டத்திலே ஓரிரு இடங்களிலே மழைன்னு செல்போனிலே வந்துச்சு. ஓரிரு இடம்னா அது எங்க பாவடியா, ஏற்காட்டு உச்சியா? மூணு நாள் முன்னாடி சொல்ல வேண்டாமுங்க. மூணு மணி நேரம் முன்னாடி, எங்க ஊருக்குன்னு சொன்னாப் போதும். பாவைச் சுருட்டி எடுத்துக்குவோம்."

நனைந்த பாவின் கதி நெசவாளருக்குச் சொல்லித் தெரிய வேண்டுவதில்லை. விவசாய அன்பர்களுக்காகக் கூறுகிறோம்: கஞ்சி கரைந்து இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், அதைத் தறியில் ஏற்றினால் இழை அறுவதும் அதைப் பிணைப்பதுமாகவே பொழுது போகும். விவசாயிகளின் பாடும் இதற்குக் குறைந்ததன்று. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் வாசலில் கொட்டிவைத்த குறுவை நெல், ஈரப்பதம் 17 சதவிகிதத்துக்கு மேற்படாமல் இருந்தால்தான் தடையின்றி எடை போடப்படும். ஒரு மணி நேர மழை அந்தக் கணக்கைக் கவிழ்த்துவிடும். தார்ப்பாய் இல்லாத ஊரில்லை. எப்போது இழுத்து மூடுவது என்பதுதான் தெரியவில்லை.

முதியவர் தம்மையறியாமல் ஒரு பெரிய விஞ்ஞான உண்மையைச் சொல்லிவிட்டார். மூன்று நாட்களுக்கு முன்னர்ச் சொல்லும் வேலை வேறு. மூன்று மணி நேரத்துக்கு முன்னர்ச் சொல்லும் வேலை வேறு. முன்னது விண்கலப் படங்களையும் பெருங்கணிப்பொறிகளையும் நம்பி நிற்பது. பின்னது பெரும்பாலும் ஒரே ஒரு யந்திரத்தை நம்பி நிற்பது. அதுவே வானிலை ரேடார். அந்த ரேடார்களை நாடு முழுவதும் பெருக்கவும் புதுப்பிக்கவும் இப்போது பெருந்திட்டம் ஒன்று நடைபெற்று வருகிறது. வரிப்பணத்தில் நடக்கும் அந்தக் காரியத்தில் சங்க அங்கத்தினராகிய நமக்கு என்ன கிடைக்கும், எதைக் கேட்க வேண்டும் என்பதைச் சற்று ஆராய்வோம்.

யந்திரம் காண்பதும் காணாததும்

ரேடார் செய்வது எளிய காரியம். பெரிய வட்டில் ஒன்றிலிருந்து வானொலி அலைத் துடிப்பொன்றை வெளியே விடுகிறது. அது மழைத்துளிகளின்மேல் பட்டு, அதில் மிகச் சிறு பங்கு திரும்பி வருகிறது. திரும்ப எடுத்துக்கொண்ட நேரம் தூரத்தைச் சொல்கிறது. திரும்பியதன் வலிமை மழையின் வேகத்தைச் சொல்கிறது. புகைவண்டி நம்மை நோக்கி வரும்போது அதன் ஊதல் ஓசை உச்சமாகவும், கடந்து போகும்போது தாழ்ந்தும் கேட்பதை அறிவோம். டாப்ளர் என்ற அறிஞர் பெயரால் வழங்கும் அந்த விளைவைக்கொண்டு, மழைத்துளிகள் ரேடாரை நோக்கி வருகின்றனவா, விலகிப் போகின்றனவா, எவ்வளவு விரைவில் என்பதையும் அறியலாம். காற்றின் போக்கு இவ்வாறு வெளிப்படுகிறது. இவ்வகை யந்திரமே டாப்ளர் ரேடார்.

அலையின் நீளத்தையொட்டி இவற்றில் மூன்று வகை நம் நாட்டில் உண்டு. ஏறத்தாழப் பத்து சென்டிமீட்டர் அலையில் வேலை செய்வது எஸ் வகை. கனமழையையும் ஊடுருவித் தொலைவு காண வல்லது. ஆனால் வட்டில் பெரிது, செலவும் பெரிது. மூன்று சென்டிமீட்டர் அலையுள்ளது எக்ஸ் வகை. சிறியது, மலிவானது, நுணுக்கமாகக் காண்பது. ஆயினும் கனமழை குறுக்கே நின்றால் அலை அதிலேயே தேய்ந்து, அப்பால் இருப்பது தெரியாமற் போகும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது ஐந்து சென்டிமீட்டர் அளவுள்ள சி வகை. கம்பியில்லா இணையக் கருவிகளிற் சில இதற்கு அண்டையிலுள்ள அலைவரிசையைப் பயன்படுத்துவதால், ரேடார்ப் படத்தில் மழையில்லாத இடத்தில் மழைபோற் கோடுகள் தோன்றுவதும் உண்டு. பக்கத்து வீட்டு வானொலி நம் வீட்டுப் பேச்சைக் கெடுப்பது போலத்தான்.

இவையெல்லாம் யந்திரத்தின் குணங்கள். யந்திரத்தால் மாற்றவே முடியாத தடை ஒன்றிருக்கிறது. பூமி உருண்டை. ரேடார் அலையோ ஏறத்தாழ நேராகச் செல்வது. ஆதலின் தூரம் செல்லச் செல்ல, அலை தரையை விட்டு மேலெழும்பிப் போகிறது. மரங்களும் கட்டடங்களும் மறைக்காதிருக்க, கீழ்ச் சுற்றையும் அரைப் பாகை மேல்நோக்கி வைப்பது வழக்கம். அந்தக் கணக்கின்படி நூறு கிலோமீட்டர் தொலைவில் அலை தரைக்கு மேல் சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும். இருநூறு கிலோமீட்டரில் நான்கு கிலோமீட்டருக்கு மேல். அது மட்டுமன்று, ஒரு பாகை அகலமுள்ள அலைக்கற்றை இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் மூன்றரைக் கிலோமீட்டர் அகலமாகப் பரந்துவிடும். அந்த அகலத்துக்குள் பாவடியும் அடக்கம், பக்கத்துச் சிற்றூரும் அடக்கம்.

இப்போது நமது முதியவரின் கேள்விக்கு வருவோம். காஞ்சிபுரத்து நெசவாளர் சென்னை ரேடாரிலிருந்து ஏறத்தாழ அறுபத்தைந்து கிலோமீட்டரில் இருக்கிறார். அவர் தலைக்கு மேல் அலை ஒரு கிலோமீட்டருக்கும் குறைந்த உயரத்திற் செல்கிறது. சேலத்து நெசவாளருக்குச் சென்னை இருநூற்றெண்பது கிலோமீட்டர். காரைக்கால் ரேடாரே அருகில், அதுவும் சுமார் இருநூறு கிலோமீட்டர். ஈரோட்டுக்குக் காரைக்கால் இன்னும் தொலைவு. கொச்சி ரேடாரும் இருநூறு கிலோமீட்டருக்கு மேற்பட்டதே, நடுவில் மேற்குத் தொடர்ச்சி மலையும் எழுந்து நிற்கிறது. கோடையில் வானளாவ வளரும் இடிமேகங்கள் பத்துக் கிலோமீட்டருக்கு மேலும் எழுவதால் தொலைவிலுள்ள ரேடாருக்கும் தப்பாது. ஐப்பசி கார்த்திகையில் கீழ்க்காற்றோடு வரும் தாழ்ந்த மேகங்களின் மழையோ பெரும்பங்கு நான்கு கிலோமீட்டருக்குக் கீழேயே நடந்து முடிந்துவிடும். ரேடார் அதற்கு மேலாகப் பார்த்துக்கொண்டு போகிறது. ஒரே கோ-ஆப்டெக்ஸ் கடையில் அடுத்தடுத்த அலமாரியில் இருவரின் துணியும் விற்கிறது. வானத்துக் கண்ணோ ஒருவரைப் பார்க்கிறது, ஒருவரைத் தாண்டிப் போகிறது.

இதனினும் கொடிய உதாரணம் தெற்கே நிகழ்ந்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் இருபத்து நான்கு மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஓராண்டு மழை ஒரே நாளில் பெய்துவிட்டது என்று கூறினாலும் தவறாகாது. தாமிரபரணி கரையுடைத்து வாழைத் தோட்டங்களை மூழ்கடித்தது. காயல்பட்டினம் காரைக்கால் ரேடாரிலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். மலைக்கப்பாலுள்ள திருவனந்தபுரம் ரேடார் தொலைவிற் கிட்ட இருப்பினும் இடையில் மலை. கனமழை வருமென்று முன்னறிவிப்பு இருந்தது. இவ்வளவு வருமென்று யாரும் சொல்லவில்லை. அருகில் ஒரு ரேடார் இருந்திருந்தால் மழை நின்றிருக்காது. ஆயினும் அன்று மாலைக்குள் நிலைமையின் கடுமை புலனாகி, ஆற்றோரத்தாருக்குச் சில மணி நேரம் கிடைத்திருக்கும் என்பது எமது அபிப்பிராயம்.

அருகில் ரேடார் இருந்தால் மட்டும் எல்லாம் நேராகிவிடும் என்றும் எண்ண வேண்டாம். 2021 டிசம்பர் 30 அன்று சென்னை நகரிலேயே எதிர்பாராத பெருமழை பெய்து, சில இடங்களில் இருபது சென்டிமீட்டர் அளவைத் தொட்டது. மழை தொடங்கிய பின்னரே சிவப்பு எச்சரிக்கை வந்தது. கண் இருந்தும், கண்டதை உடனே பொருள்கொள்ளும் கணிதமும் ஆட்களும் சேர்ந்து இயங்க வேண்டும்.

நமது நாட்டுத் திட்டம்

1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டபோது, கிழக்குக் கரையில் புயலுக்கென அமைந்த ரேடார் ஒன்றும் இருக்கவில்லை. 1970-இல் விசாகப்பட்டினத்தில் முதலாவது புயல் கண்டறியும் ரேடார் நிறுவப்பட்டது. பின்னர் சென்னை, காரைக்கால் முதலிய கரையோரத் தலங்கள் தொடர்ந்தன. கடலையே நோக்கி நிற்க வேண்டுமென்பது அக்காலத்துக் கொள்கை. புயல் கடலிலிருந்து வருவதால் அது நியாயமே. ஆனால் அந்தக் கொள்கையின் விளைவாக உள்நாட்டு மாவட்டங்கள் நெடுங்காலம் திட்ட வரைபடத்தின் விளிம்பிலேயே நின்றுவிட்டன.

2002-இல் சென்னைத் துறைமுக நூற்றாண்டு விழாக் கட்டடத்தின் உச்சியில் ஜெர்மானியத் தயாரிப்பான டாப்ளர் ரேடார் இயங்கத் தொடங்கியது. நாட்டின் வானிலைத் துறைக்கு அவ்வகையில் அதுவே முதலாவது. பிறகு கொல்கத்தா, மசூலிப்பட்டினம், விசாகப்பட்டினம் ஆகியவை வந்தன; ஸ்ரீஹரிகோட்டாவில் உள்நாட்டிலேயே செய்யப்பட்டது அமைந்தது. சென்னையை அடுத்த பள்ளிக்கரணையில் எக்ஸ் வகை ரேடார் ஒன்று 2022 ஜனவரியில் தொடங்கி வைக்கப்பட்டது. நாடு முழுவதற்கும் 2014-இல் 15 ஆக இருந்த டாப்ளர் ரேடார்கள் 2024-இல் 39 ஆயின என்பது அரசின் கணக்கு.

2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை "மிஷன் மௌசம்" என்ற திட்டத்துக்கு இரண்டாண்டுக் காலத்துக்கு 2,000 கோடி ரூபாய் ஒதுக்கி இசைவளித்தது. 2025 ஜனவரி 14-இல், வானிலைத் துறை நிறுவப்பட்டு 150 ஆண்டு நிறைந்த விழாவில், அது தொடங்கி வைக்கப்பட்டது. (மௌசம் என்பது பருவம் எனப் பொருள்படும் அரபுச் சொல், ஆங்கிலத்து "மான்சூன்" அதிலிருந்து பிறந்ததே. பெயர் வைத்தவர் பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்.) புதிதாக ஐம்பது டாப்ளர் ரேடார்களும், காற்றின் மேலடுக்குகளை அளக்கும் கருவிகளும், கணிப்பொறி வலிமையும் இதில் அடங்கும். நமது மாநில அரசும் தன் பங்குக்கு இராமநாதபுரத்திலும் ஏற்காட்டிலும் இரண்டு ரேடார்கள் நிறுவும் திட்டத்தை அறிவித்தது.

இந்த இரு ஊர்களையும் தேர்ந்தவர்களை நாம் பாராட்ட வேண்டும். இராமநாதபுரத்திலிருந்து காயல்பட்டினம் சுமார் நூற்றிருபது கிலோமீட்டர். அலை இரண்டு கிலோமீட்டர் உயரத்துக்குள் இறங்கிவிடும். ஏற்காடோ சேலத்துப் பாவடிகளின் தலைமேலேயே இருக்கிறது. ஈரோட்டு மஞ்சளும் நாமக்கல்லும் அதன் பார்வைக்குள் வரும். ஒரு சந்தேகம் மட்டும் உண்டு. ஏற்காட்டு மலை ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். உயரத்தில் அமர்ந்தவனுக்குத் தொலைவு நன்றாகத் தெரியும், காலடி தெரியாது. அலைக்கற்றையைக் கிடையாகவோ சற்றே கீழ்நோக்கியோ செலுத்தும் வசதி அங்கே வைக்கப்படுமாயின் குறை பெரிதும் நீங்கும்.

தேய்மான நிதியில்லாத சங்கம்

புதிய யந்திரம் வாங்கும் உற்சாகம் எல்லாருக்கும் உண்டு. வாங்கிய யந்திரத்தைப் பேணும் உற்சாகம் அரிது. எம் தொழிலில் இதை நாள்தோறும் காண்கிறோம். சாயப்பட்டறைக்குக் கொதிகலம் வாங்கிய ஆண்டு அறிக்கையின் அட்டையில் அதன் படம் இருக்கும். பத்தாண்டு கழித்து அது ஓட்டை விழும்போது தேய்மான நிதியில் ஒரு காசும் இராது. ரேடார் விஷயத்தில் இந்த நோய்க்கு மருந்து தேடியவர்களுள் அமெரிக்கர் முதன்மையானவர். ஆகவே அவர்கள் கதையைச் சற்று விரித்துரைக்கிறோம்.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் "நெக்ஸ்ராட்" எனப்படும் தேசிய ரேடார் வலையை வர்த்தகம், பாதுகாப்பு, போக்குவரத்து ஆகிய மூன்று துறைகள் கூட்டாக நடத்துகின்றன. வானிலைத் துறைக்கும் விமானப் படைக்கும் விமானப் போக்குவரத்து ஆட்சிக்கும் தனித்தனி ரேடார் வேண்டியிருந்தது. மூவரும் தனித்தனியே வாங்காமல், ஒரே வகை யந்திரம், ஒரே உதிரிப் பாகக் கிடங்கு, ஓக்லஹோமா மாநிலத்து நார்மன் நகரில் ஒரே பேணுதல் நிலையம் என்று ஏற்பாடு செய்துகொண்டனர். கூட்டுறவு என்ற சொல்லை அவர்கள் பயன்படுத்தவில்லை, தன்மை அதுவே. 1992 முதல் 1997 வரை பெரும்பாலானவை நிறுவப்பட்டன. இன்று ஏறத்தாழ 160 ரேடார்கள். எட்டரை மீட்டர் அகல வட்டில்; எல்லாமே எஸ் வகை.

பயன் என்ன? சிம்மன்ஸ், சட்டர் என்ற இரு பொருளாதார அறிஞர் 2005-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், இந்த ரேடார்கள் வந்த பிறகு சுழற்காற்றினால் நேரக்கூடிய உயிரிழப்பு 45 சதவிகிதமும், காயமடைவோர் தொகை 40 சதவிகிதமும் குறைந்தன என்று கணக்கிட்டனர். முன்னெச்சரிக்கை நேரம் சராசரியில் சுமார் ஐந்து நிமிடத்திலிருந்து ஒன்பதரை நிமிடமாக உயர்ந்ததே இதற்குக் காரணங்களுள் ஒன்று. நாலரை நிமிடம்! ஒரு பாவைச் சுருட்டக்கூடப் போதாத நேரம். அதற்குள் இத்தனை உயிர்.

எமக்கு வியப்பளிப்பது அவர்கள் பழைய யந்திரத்தை எறிந்துவிடாமல் உள்ளுக்குள் புதுப்பித்துக்கொண்டே வந்த முறை. 2008-இல் படத்தின் நுணுக்கத்தைக் கூட்டினர். 2011 முதல் 2013 வரை, கிடையாக அதிரும் அலை, நெடுக்காக அதிரும் அலை ஆகிய இரண்டையும் ஒருங்கே செலுத்தும் வசதியை எல்லாவற்றிலும் சேர்த்தனர். பெரிய மழைத்துளி விழும்போது தட்டையாகிறது. ஆலங்கட்டி உருண்டு புரள்வதால் அவ்வாறு தோன்றுவதில்லை. பறவைக் கூட்டமும் பூச்சிக் கூட்டமும் வேறு வடிவம். இரு அலைகளின் எதிரொலிகளையும் ஒப்பிட்டால் மழை எது, கல்மழை எது என்று பிரித்துவிடலாம். பின்னர், ஒலிபரப்பிக் கருவி, வட்டிலைச் சுழற்றும் பீடம், கட்டடம் முதலிய தேய்ந்த உறுப்புக்களை ஒவ்வொன்றாக மாற்றி, ஆயுளை 2035-க்கு அப்பாலும் நீட்டும் வேலையைப் பல்லாண்டுத் திட்டமாக நடத்தி முடித்தனர். அது நடக்கும்போதே, அடுத்த தலைமுறை ரேடார் எத்தகையதாக இருக்க வேண்டுமென்ற சோதனையும் நார்மனில் நடந்து வந்தது. சுழலும் வட்டிலுக்குப் பதிலாக, அசையாத பலகையில் ஆயிரக்கணக்கான சிறு கதிர்வீசிகளை வைத்து, அலையை மட்டும் மின்முறையில் திருப்பும் வகை அது. வானம் முழுவதையும் ஒரு சுற்றுப் பார்க்க இன்றைய ரேடாருக்கு நான்கு முதல் ஆறு நிமிடம் வேண்டும். அதற்கு ஒரு நிமிடம் போதும். நம் நாட்டு ரேடார்ப் படங்கள் வழக்கமாகப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வருவதை இங்கே நினைவிற் கொள்ளலாம்.

ரேடாரே புயலுக்கு இரையாவதும் உண்டு. 2017 செப்டம்பரில் "மரியா" சூறாவளி போர்ட்டோ ரிக்கோத் தீவின் ரேடாரைப் பெயர்த்தெறிந்தது. 2020 ஆகஸ்டில் "லாரா" லூசியானாவின் லேக் சார்லஸ் ரேடாரை அழித்தது. இரண்டும் மாதக்கணக்கில் இல்லாமலே போயின. ஒரே வகை யந்திரமும் பொதுக் கிடங்கும் இருந்தமையால் மீண்டும் கட்ட முடிந்தது. நமது ரேடார்களோ ஜெர்மனி, சீனம், உள்நாடு என்று பல தேசத்துக் கைகளில் உருவானவை. ஒன்றின் உறுப்பு மற்றொன்றுக்குப் பொருந்தாது. இந்த ஐம்பதையும் வாங்கும்போது, விலைப்புள்ளியில் யார் குறைவு என்று மட்டும் பாராமல், பதினைந்து ஆண்டுக்கு உதிரிப் பாகமும் பழுது பார்ப்பவரும் யார் தருவார் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். 2002-இல் வந்த சென்னை ரேடாருக்கு இருபது வயது கடந்துவிட்டது. புயற்காலத்தின் நடுவே ஒரு ரேடார் ஓய்ந்தால், அண்டை ரேடார் அந்த இடத்தைப் பார்க்கும்படியாக வலை பின்னப்பட வேண்டும். பாவில் ஓர் இழை அறுந்தால் அடுத்த இழைகளைக்கொண்டு துணி கெடாமற் காக்கிறோமல்லவா?

குறை எழுதப்பட்ட ஊர்

அமெரிக்க வலையிலும் துளைகள் உண்டு. வட கரோலினா மாநிலத்துச் சார்லட் பெரிய நகரம்; ஆயினும் அதற்கு அண்மையில் ரேடார் இல்லை. அயல் மாநிலத்து ரேடாரின் அலை நகரை அடையும்போது உயரே எழும்பிவிடுகிறது. 2012 மார்ச் 3 அன்று விடியுமுன் அங்கே சுழற்காற்று ஒன்று வீடுகளைச் சூறையாடியது. எச்சரிக்கை வந்தது அதன் பின்னரே. ஊரார் அதை மறக்கவில்லை. நாள், மணி, சேதமுற்ற வீடுகள், எச்சரிக்கை வந்த நேரம் ஆகிய அனைத்தையும் வைத்து வழக்குரைத்தார்கள். அவர்களது பிரதிநிதிகள் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்தனர். 2017-இல் இயற்றப்பட்ட வானிலை ஆராய்ச்சிச் சட்டம், ரேடார் வலையின் துளைகள் எங்கெங்கே உள்ளன என்று ஆராய்ந்து அறிக்கை தருமாறு வானிலைத் துறைக்குக் கட்டளையிட்டது.

இதைப் படித்தபோதுதான் சேலத்துச் சங்கத்தின் பதிவேடு எம் நினைவுக்கு வந்தது. அங்கே எழுதப்பட்டிருந்தது "கழிவு" என்ற ஒரு சொல். எந்த நாள் என்றில்லை; எத்தனை மணிக்கு மழை தொடங்கியது என்றில்லை; எத்தனை பாவு, எந்த எண் நூல் என்றுமில்லை. தணிக்கையில் கேள்வி வராமலிருக்க எல்லாவற்றையும் ஆண்டிறுதியில் கூட்டி ஒரே வரியில் எழுதியிருந்தார்கள். உண்மையைச் சொன்னால், அப்படி எழுதும் பழக்கத்துக்கு எம் போன்ற தணிக்கைக்காரரும் காரணமே. கழிவு விகிதத்துக்குள் அடங்கியதா என்று பார்ப்போமேயன்றி, ஏன் என்று கேட்டவர் எம்மில் எத்தனை பேர்? விவசாயச் சங்கங்களிலும் இதே நிலை. நனைந்த நெல் "தரக்குறைவு" ஆகிறது. மழையின் மணி எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை.

ரேடாரை எங்கே வைப்பது என்று தில்லியில் வரைபடத்தை விரித்து அமர்வோருக்குப் புயலில் இறந்தோர் தொகை தெரியும். விமான நிலையங்களின் தேவை தெரியும். நகரங்களின் வெள்ளம் தெரியும். பாவடியில் நனைந்த பாவு தெரியாது. அது யாருடைய கணக்கிலும் இல்லை.

மற்றொரு காரியமும் நம் கையில் இருக்கிறது. ரேடார் மழையை அளப்பதில்லை. எதிரொலியைக் கொண்டு மதிப்பிடுகிறது. அந்த மதிப்பீட்டைச் சரிபார்க்கத் தரையிலுள்ள மழைமானியின் அளவு வேண்டும். மாநிலத்தில் தானியங்கி மழைமானிகள் பல நூறு நிறுவப்பட்டுள்ளன. அவற்றிற் சில வளர்ந்த மரத்தின் நிழலிலும், மதிற்சுவரின் ஓரத்திலும் நிற்பதைச் சுற்றுப்பயணத்தில் கண்டிருக்கிறோம். மரத்தடியில் நிற்கும் மழைமானி மழையைக் குறைத்துச் சொல்லும். அதை நம்பி ரேடாரைத் திருத்தினால் ரேடாரும் குறைத்துச் சொல்லும். கிளையை வெட்டுவதற்குத் திட்டமும் வேண்டாம், மானியமும் வேண்டாம்.

முன்னறிவிப்பு ஊருக்கு வந்து சேரும் வழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. விவசாயிகளுக்கான வானிலை ஆலோசனை செவ்வாயும் வெள்ளியும் வெளியாகிறது. அது விதைப்புக்கும் உரமிடுதலுக்கும் உதவுவது. அடுத்த மூன்று மணி நேரத்துக்கான குறுங்கால எச்சரிக்கையும் வானிலைத் துறையால் வெளியிடப்படுகிறது. பாவடிக்கும் களத்துக்கும் வேண்டியது அதுவே. இப்போது அது பெரும்பாலும் மாவட்ட அளவில் வருகிறது. அண்மையில் ரேடார் வந்து சேர்ந்தால், அதை வட்டார அளவுக்கு இறக்குமாறு கேட்க நமக்கு நியாயம் உண்டு.

சேலத்துச் சங்கத்தில் ஆய்வு முடிந்து புறப்படும்போது, கழிவுப் பதிவேட்டில் நான்கு கட்டங்கள் கூடுதலாகக் கோடிடச் சொல்லி வந்தோம்: நாள், மழை தொடங்கிய மணி, நனைந்த பாவுகளின் எண்ணிக்கை, அதற்கு முன் வந்த எச்சரிக்கை ஏதேனும் உண்டாயின் அதன் வாசகமும் நேரமும். காரியதரிசி சற்றே தயங்கினார். முதியவர்தாம் அளவுகோலை எடுத்து அவர் கையிற் கொடுத்தார். தை மாதம் அச்சங்கத்திலிருந்து எமக்கு வந்த தாளில் ஏழு வரிகள் இருந்தன. ஏழில் ஐந்து, விடியற்காலம் ஐந்து மணிக்கும் எட்டு மணிக்கும் இடைப்பட்ட மழை. எச்சரிக்கைக் கட்டத்தில் இரண்டு மட்டுமே நிரம்பியிருந்தன.

இவ்விதழைப் படிக்கும் மற்றச் சங்கங்களும் இவ்வாண்டு ஐப்பசி முதல் மார்கழி முடிய இந்த நான்கு கட்டங்களையும் எழுதிவந்து, பிரதியொன்றைத் தைப் பொங்கலுக்கு முன் இதழ் அலுவலகத்துக்கு அனுப்பினால், வட்டாரவாரியாகத் தொகுத்து மாசி இதழில் வெளியிட்டு, வானிலைத் துறையின் சென்னை மண்டல அலுவலகத்துக்கும் ஒரு படி சேர்ப்பிப்போம். சங்கத்தின் பெயரோடு, ஊர், வட்டம், மழைமானி நிற்கும் இடம் ஆகியவற்றையும் குறிப்பிடக் கோருகிறோம்.